கடற்கரை பங்குல 11-15 வயசு பிள்ளைங்களுக்கு குரூப் நடத்துறது எப்படி: நம்ம ராமநாதபுரம் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

நம்ம கடற்கரையில எந்த பங்கை (ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவ மக்களை) எடுத்துக்கிட்டாலும், மூக்கையூர்ல இருந்து மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்னு போய் வடக்க தொண்டி வரைக்கும், ஒரே குறைதான். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்குற வரைக்கும் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி இருக்கு, சிஸ்டருங்க வீடு வீடா போய் கூட்டிட்டு வந்துருவாங்க. 18 வயசு ஆயிட்டா இளைஞர் இயக்கம், திருவிழா கமிட்டி, சப்பரம் தூக்குறதுன்னு எதுலயாவது சேர்ந்துக்குவாங்க. நடுவுல ஆறாம் வகுப்புல இருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல, பூசை நேரத்துல கோயிலுக்கு வெளிய மதில்ல உக்காந்து போன் பாத்துட்டு இருப்பாங்க, பிரசங்கத்துல ஃபாதர் அதையும் சொல்லித் திட்டுவார், அவ்வளவுதான் அவங்களுக்கும் கோயிலுக்கும் உள்ள தொடர்பு.

இன்னொரு விஷயம் இருக்கு, இதை மனசுல வச்சுக்கிட்டுதான் மீதி எல்லாத்தையும் எழுதுறேன். நம்ம ஊர்ல இந்த வயசுப் பிள்ளைங்களை சீக்கிரமே பெரிய ஆளா ஆக்கிடுறோம். எட்டாவது படிக்கிற பையன் லீவு நாள்ல அப்பாகூட வள்ளத்துல போறான், வலையில மீன் கழிக்கிறான். அம்மா கடல்பாசி எடுக்கப் போனா தம்பி தங்கச்சியைக் குளிப்பாட்டி சோறாக்கி வைக்கிறது ஏழாவது படிக்கிற பொம்பளப் பிள்ளை. வீட்டுக் கடன் எவ்வளவு, ஐஸுக்கும் டீசலுக்கும் எவ்வளவு பாக்கின்னு அவங்களுக்கு தெரியும். ஆனா அவங்களை உக்கார வச்சு உனக்கு என்ன தோணுது, எதுக்குப் பயப்படுறன்னு கேக்குற ஆள் யாரும் கிடையாது. வாரத்துல ஒன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளை பிள்ளையா இருக்கவும், வாய்விட்டுக் கேள்வி கேக்கவும், நம்பி பேச ஒரு அண்ணன் ஒரு அக்கா கிடைக்கவும் இடம் பண்ணிக் கொடுக்கணும். என்னைப் பொறுத்தவரை இந்த ஊழியமே அதுதான்.

நான் கத்தோலிக்க பங்கை வச்சு எழுதுறேன். சி.எஸ்.ஐ, பெந்தெகொஸ்தே சபைக்காரங்க பங்குத்தந்தைன்னு வர்ற இடத்துல ஆயர், பாஸ்டர்னு மாத்திப் படிச்சுக்கோங்க, மத்ததெல்லாம் உங்களுக்கும் ஒத்து வரும்.

முதல் வேலை: வீடு வீடா போங்க

பூசை முடிஞ்சு அறிவிப்பு வாசிச்சு ஆரம்பிக்காதீங்க. அறிவிப்பைக் கேட்டு வர்ற பிள்ளைங்க ஏற்கனவே பீடத்துல உதவி பண்ற பிள்ளைங்க, பாட்டுக்குழு பிள்ளைங்க. மதில்ல உக்காந்திருக்கிறவன் வரமாட்டான். பங்குத்தந்தைகிட்ட முதல்ல அனுமதி வாங்கிட்டு, பங்குப்பேரவையில சொல்லிட்டு, அன்பியம் அன்பியமா (பங்குல பக்கத்துப் பக்கத்து வீடுங்க சேர்ந்த குழு) பிரிச்சுக்கிட்டு சாயங்காலம் வீடுகளுக்குப் போங்க. கையில ஒரு நோட்டு. பிள்ளை பேர், வகுப்பு, பள்ளிக்கூடம், அப்பா என்ன தொழில் (விசைப்படகா, நாட்டுப்படகா, கரைவலையா, இல்ல வெளிநாட்டுல இருக்காரா), வீட்டுல யார் பொறுப்பு, உடம்புக்கு ஏதாவது பிரச்சனை இருக்கா, ஒரு போன் நம்பர். இவ்வளவு போதும்.

போற வீட்டுல அம்மாகிட்ட ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: "ஞாயித்துக்கிழமை எந்த நேரம் உங்க பிள்ளைக்கு வேலை இருக்காது?" இந்தக் கேள்வியைக் கேக்காம நேரம் முடிவு பண்ணா, அந்த குரூப் மூணாவது வாரமே படுத்துரும். விசைப்படகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகும், இன்னைக்கு போனா மறுநாள் காலையில கரை வரும். சனிக்கிழமை போன போட் ஞாயித்துக்கிழமை காலையில வந்துச்சுன்னா பாதி வீட்டுல அந்த நேரம் ஆளே இருக்காது. சில ஊர்ல ஞாயித்துக்கிழமை தொழிலே கிடையாது, அங்க காலைப் பூசை முடிஞ்சதுமே வைக்கலாம். பொதுவா ஞாயிறு சாயங்காலம் 4 மணியில இருந்து 5.30 நல்ல நேரம், மதியச் சாப்பாடு முடிஞ்சு வெயில் தணிஞ்சுரும், இருட்டுறதுக்குள்ள பொம்பளப் பிள்ளைங்க வீட்டுக்குப் போயிரலாம். அந்த நேரத்தை முடிவு பண்ணிட்டா மாத்தவே மாத்தாதீங்க. மூணு பிள்ளைங்க வந்தாலும் நடத்துங்க. இந்த வயசுப் பிள்ளைங்க உங்க பேச்சை வச்சு உங்களை எடை போட மாட்டாங்க, நீங்க வர்றீங்களா இல்லையான்னுதான் பாப்பாங்க.

டீம்: தனி ஆளா செய்யாதீங்க

குறைஞ்சது நாலு பேர் வேணும், ரெண்டு ஆண் ரெண்டு பெண். எல்லாரும் 21 வயசுக்கு மேல இருந்தா நல்லது, காலேஜ் படிக்கிறவங்க உதவிக்கு இருக்கட்டும் ஆனா பொறுப்பு அவங்க தலையில விழக்கூடாது. நல்லா பேசத் தெரிஞ்ச ஆள், கிட்டார் வாசிக்கத் தெரிஞ்ச ஆள்னு தேடாதீங்க. அமைதியா கேக்கத் தெரிஞ்ச ஆள் வேணும், கேட்டதை டீக்கடையில போய் சொல்லாத ஆள் வேணும். டீம்ல ஒருத்தராவது கடல் தொழில் தெரிஞ்சவரா இருக்கணும்னு நான் அழுத்திச் சொல்வேன். ஒரு பையன் "இன்னைக்கு பாடு இல்லண்ணே"ன்னு, அதாவது மீன் படலன்னு, சொன்னா அதுல அந்த வீட்டோட ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அடங்கியிருக்கும், அது காதுல விழணும்.

யாரையும் உடனே சேர்க்காதீங்க. பங்குத்தந்தைக்கும் ஊருக்கும் நல்லா தெரிஞ்ச ஆளா இருக்கணும், குடிச்சிட்டு பிரச்சனை பண்றவர், பிள்ளைங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டதா பேச்சு இருக்கிறவர், எவ்வளவு பெரிய குடும்பமா இருந்தாலும், கோயிலுக்கு எவ்வளவு காசு கொடுத்தவரா இருந்தாலும் வேண்டாம்.

பாதுகாப்பு: இதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுருங்க

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகாதீங்க. ஒரு பிள்ளைகூட ஒரு பெரியவர் மூடின ரூம்ல தனியா இருக்கக்கூடாது, இதுதான் முதல் விதி. தனியா பேசணும்னு பிள்ளை கேட்டா கோயில் திண்ணையில, எல்லார் கண்ணுக்கும் தெரியுற இடத்துல, காதுல விழாத தூரத்துல உக்காந்து பேசுங்க. பைக்ல ஒத்தையா ஏத்திட்டுப் போய் விடாதீங்க. ராத்திரி பிள்ளைக்கு தனியா மெசேஜ் அனுப்பாதீங்க, வாட்ஸ்அப் குரூப்னா அது பெத்தவங்க இருக்குற குரூப்பா இருக்கட்டும். பிள்ளைங்க போட்டோவை அப்பா அம்மா சம்மதம் இல்லாம ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. அடிக்கிறது, முட்டி போட வைக்கிறது, பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுறது, குடும்பத்தைச் சொல்லித் திட்டுறது எதுவும் கிடையாது.

அடுத்து போக்சோ, பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்துற சட்டம். 2012-ல வந்த சட்டம், 18 வயசுக்குக் கீழ உள்ள எல்லாப் பிள்ளைங்களுக்கும், ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் சேர்த்துதான் பொருந்தும். ஒரு பிள்ளை உங்ககிட்ட வந்து இப்படி நடந்துச்சுன்னு சொல்லிட்டா, அதை போலீஸுக்கு தெரிவிக்க வேண்டியது உங்க சட்டக் கடமை, தெரிஞ்சும் மறைச்சா அதுவே குற்றம். ஊர்க் கமிட்டியில வச்சு பேசி முடிச்சுக்கலாம், பிள்ளை பேர் கெட்டுரும், கோயில் பேர் கெட்டுரும்னு நாலு பேர் வருவாங்க. கேக்காதீங்க. சம்பந்தப்பட்டவர் யாரா இருந்தாலும், கோயில்ல பதவியில இருக்கிறவரா இருந்தாலும் இதே வழிதான். குழந்தைங்களுக்கான உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் அடிக்கலாம், காசு கிடையாது, அவங்க வழி சொல்லுவாங்க.

பிள்ளை சொல்ற நேரத்துல நீங்க என்ன செய்யணும்னா, குறுக்க பேசாம கேளுங்க, நீ ஏன் அங்க போன, ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேக்காதீங்க, "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பு இல்ல"ன்னு சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் மட்டும் பண்ணிடாதீங்க, உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லுவேன்னு முதல்லயே சொல்லிருங்க. பிள்ளை சொன்ன வார்த்தையிலயே அன்னைக்கே எழுதி வச்சுக்கோங்க.

கடல் பத்தியும் ஒரு விதி வேணும். நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும் நீச்சல் தெரியும்னு நாம நினைச்சுக்கிறோம், பெண் பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு தெரியாது, அப்பா வாத்தியார், அரசாங்க வேலைன்னு இருக்கிற வீட்டுப் பிள்ளைங்களுக்கும் தெரியாது. குரூப்பா போற இடத்துல கடல்ல இறங்கணும்னா நல்லா நீந்தத் தெரிஞ்ச ரெண்டு பெரியவங்க தண்ணிக்குள்ள, ஒருத்தர் கரையில நின்னு தலை எண்ணிக்கிட்டே இருக்கணும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில இறங்கவே கூடாது, ரெண்டு கடலும் சேருற இடம், இழுவை ஜாஸ்தி. சொறி (ஜெல்லி மீன்) பட்டா கடல் தண்ணியிலயே கழுவணும், நல்ல தண்ணி ஊத்தவோ தேய்க்கவோ கூடாது, மூச்சு வாங்குனா உடனே ஆஸ்பத்திரி.

ஒரு கூட்டம் எப்படி இருக்கணும்

90 நிமிஷத்தை இப்படிப் பிரிச்சுக்கலாம்: விளையாட்டு 20, பாட்டும் ஜெபமும் 10, பைபிள் கதை 20, சின்ன குரூப்பா பேசுறது 25, திங்க ஏதாவது 10, முடிவு ஜெபம் 5. விளையாட்டை முதல்ல வைக்கிறதுக்கு காரணம் இருக்கு. லேட்டா வர்ற பிள்ளை கூச்சப்படாம வந்து சேர்ந்துக்குவான், கோயிலுக்குள்ள வரத் தயங்குறவன் கிரவுண்டுக்கு வருவான். வாலிபால் எல்லா ஊர்லயும் இருக்கு, கபடி இருக்கு, ஆனா பெண் பிள்ளைங்க ஓரமா நின்னு பாக்குற விளையாட்டா ஆகிடாம பாத்துக்கோங்க. அவங்களுக்கும் பந்து கொடுங்க, டீம் பிரிக்கும்போது கலந்து பிரிங்க, வீட்டுல ஆட்சேபணை சொல்றாங்கன்னா பெண்களுக்கு தனி கோர்ட் போட்டுக் கொடுங்க. ரெண்டும் முடியலன்னு விட்டுறாதீங்க.

சின்ன குரூப்புன்னா ஏழெட்டு பேருக்கு மேல வேண்டாம். 11-12 வயசை ஒண்ணா, 13-15-ஐ ஒண்ணா வைங்க, ஆறாவது படிக்கிற பிள்ளையும் பத்தாவது படிக்கிற பிள்ளையும் ஒரே வட்டத்துல உக்காந்தா ரெண்டு பேருமே வாய் திறக்க மாட்டாங்க. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே அண்ணன் அல்லது அக்கா வருஷம் முழுக்க இருக்கட்டும், வாரம் ஒரு ஆள் மாறக்கூடாது. திங்கிறதுக்கு சுண்டல், பனங்கிழங்கு, கடலை மிட்டாய், நன்னாரி சர்பத் போதும். சில பிள்ளை மதியம் சாப்பிடாம வந்திருக்கும், அதை வெளிய சொல்லாது, அதனால அளந்து கொடுக்காதீங்க.

உபதேசம் பண்ற ஆசை நம்ம எல்லாருக்கும் உண்டு. பைபிள் கதைக்கு ஒதுக்குன 20 நிமிஷத்துக்கு மேல மைக்கைப் பிடிக்காதீங்க.

பாடம்: நம்ம பிள்ளைங்களுக்கு பைபிள்ல பாதி இடம் சொந்த ஊர் மாதிரி

பட்டணத்துப் பிள்ளைங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய நிறைய விஷயம் நம்ம பிள்ளைங்களுக்கு பழகுன விஷயம். மாற்கு முதல் அதிகாரத்துல யாக்கோபும் யோவானும் அப்பா செபதேயுவோட படகுல உக்காந்து வலை பழுது பாத்துட்டு இருக்கும்போதுதான் இயேசு கூப்பிடுறார். வலையில பொத்தல் அடைக்கிறதை தினம் பாக்குற பிள்ளைகிட்ட, "அப்பாவை படகுல விட்டுட்டு ரெண்டு பேரும் போயிட்டாங்களே, அந்த அப்பா ராத்திரி வீட்டுல என்ன பேசிருப்பார்?"னு கேட்டுப் பாருங்க. படிச்சு வேற வேலைக்குப் போகணுமா இல்ல அப்பா தொழிலைப் பாக்கணுமாங்கிற கேள்வி எட்டாவதுலயே அந்தப் பையன் மனசுல ஓடிட்டு இருக்கு, அதைப் பேச வழி திறந்து விடுற பகுதி இது.

முதல் ரெண்டு மாசத்துக்கு நான் சொல்ற வரிசை இது. லூக்கா 2-ல 12 வயசு இயேசு கோயில்ல தங்கிட்டார், மாதாவும் சூசையப்பரும் மூணு நாள் தேடுறாங்க. இவங்க வயசுல இயேசு என்ன செஞ்சார்னு பைபிள் சொல்ற ஒரே இடம் இதுதான், அதுலயும் முக்கியமா அவர் அங்க கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தார்னு எழுதியிருக்கு. அப்புறம் 1 சாமுவேல் 3, ராத்திரியில கூப்பிடுற சத்தம் கேட்டு எழுந்து ஓடுன சிறுவன் சாமுவேல். மாற்கு 5-ல யாயீர் மகள், அவளுக்கும் 12 வயசுதான், எழுந்ததும் அவளுக்கு சாப்பிட ஏதாவது கொடுங்கன்னு இயேசு சொல்றார், பெண் பிள்ளைங்க இதை நல்லா கவனிப்பாங்க. யோவான் 6-ல அஞ்சு வாற்கோதுமை அப்பமும் ரெண்டு மீனும் வச்சிருந்த பையன். மாற்கு 4-ல புயல். யோவான் 21-ல ராத்திரி பூரா ஒண்ணும் படாம வந்தவங்களுக்கு கரையில கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வச்சுக்கிட்டு சாப்பிட வாங்கன்னு கூப்பிட்ட இயேசு. இந்தக் கடைசிப் பகுதியை கடற்கரையிலயே வச்சு, நிஜமாவே மீன் சுட்டு, சாப்பிட்டுக்கிட்டே வாசிங்க.

மாற்கு 4-ஐ எடுத்து ஒரு கூட்டத்தை முழுசா சொல்றேன். முதல்ல பிள்ளைங்களை நாலு நாலு பேரா பிரிச்சு, கடல்ல காத்து மாறுனா என்னென்ன அறிகுறி தெரியும்னு சொல்ல விடுங்க, கச்சான் காத்து எப்படி அடிக்கும், வாடைக் காத்து எப்படி அடிக்கும், எந்த மேகத்தைப் பாத்தா தாத்தா கரைக்குத் திரும்புவாருன்னு. இதுல உங்களைவிட அவங்களுக்கு தெரியும், அந்த அறிவுக்கு மரியாதை கொடுங்க. அப்புறம் ஒரு பிள்ளையை விட்டு பகுதியை மெதுவா வாசிக்கச் சொல்லுங்க. இயேசு படகோட பின்பக்கம் தலையணை வச்சுத் தூங்குறார், சீடங்க எழுப்பி நாங்க சாகப்போறோம் உமக்கு கவலையே இல்லையான்னு கத்துறாங்க. இதுல நாலு பேராவது மீன் பிடிக்கிறவங்க, அவங்களே பயந்துட்டாங்கன்னா அது எப்பேர்ப்பட்ட காத்துன்னு பிள்ளைங்களுக்கு சொல்லவே வேண்டாம். சின்ன குரூப்புல மூணு கேள்வி மட்டும்: நீ கடைசியா ரொம்ப பயந்தது எப்போ? அந்த நேரம் யாரைக் கூப்பிட்ட? கடவுள்மேல கோவம் வந்திருக்கா? மூணாவது கேள்வியைத் தைரியமா கேளுங்க, சீடங்களே கோவமா கத்துனாங்க, அவர் அதுக்காக அவங்களைப் படகை விட்டு இறக்கி விடல. கடைசியா ஒவ்வொருத்தரும் பயத்தை ஒரு பேப்பர்ல பேர் போடாம எழுதி மடிச்சு பீடத்துக்கிட்ட வைக்கட்டும். அதை யாரும் பிரிச்சுப் படிக்கக்கூடாது, டீம் ஆளுங்களும்தான்.

பெரிய பிள்ளைங்க வட்டத்துக்கு இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்துல சொல்லித் தர்ற பார், சிந்தி, செயல்படுங்கிற முறை ரொம்ப நல்லா வேலை செய்யும். பெல்ஜியம் நாட்டு குருவானவர் கார்டின் தொழிலாளர் இளைஞர்களுக்காக கொண்டு வந்த முறை அது. கரையில ஒதுங்கிக் கிடக்குற பழைய வலை, தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் எவ்வளவுன்னு போய்ப் பாக்குறாங்க, அதுல ஆமை மாட்டுறது, மீன் குறையுறது பத்தி யோசிக்கிறாங்க, மாசம் ஒரு நாள் அந்தக் கரையைச் சுத்தம் பண்ணலாம்னு அவங்களே முடிவு பண்றாங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட தீவுங்க இவங்க வீட்டு வாசல்ல இருக்கு, அதைப் பத்தி பள்ளிக்கூடத்துல படிக்கிறதைவிட இதுல நல்லா பதியும். என்ன செய்யணும்னு நீங்க சொல்லிடாதீங்க, அவங்க முடிவு சின்னதா இருந்தாலும் அதையே செய்ய விடுங்க.

ஊர்ல துக்கம் விழுந்த வாரம்

இந்த விஷயம் வேற ஊர் வழிகாட்டியில இருக்காது, நமக்கு இது இல்லாம முடியாது. போட்டை இலங்கை கடற்படை பிடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னா அன்னைக்கே வீட்டுக்குப் போங்க. ஆறுதல் வசனம் சொல்ல அவசரப்படாதீங்க. அம்மா சங்கத்துக்கும் ஆபீஸுக்கும் அலைஞ்சுட்டு இருப்பாங்க, அந்த நாள்ல அந்தப் பிள்ளை சாப்பிட்டாச்சா, பள்ளிக்கூடம் போகுதா, தம்பி தங்கச்சியை யார் பாத்துக்கிறான்னு மட்டும் பாருங்க, டீம்ல ஒரு அக்கா சாயங்காலம் போய் வீட்டுப்பாடம் எழுத உக்காந்தா அதைவிட பெரிய ஜெபம் கிடையாது. அந்த வார கூட்டத்துல பொத்தாம்பொதுவா கைதானவங்களுக்காக வேண்டாம, அந்தப் பிள்ளைகிட்ட உன் அப்பா பேர் சொல்லி வேண்டலாமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. சில பிள்ளைங்க வேண்டாம்னு சொல்லும். சரின்னு விட்டுருங்க.

"கடவுள் இருந்தா எங்கப்பாவை ஏன் பிடிக்க விட்டார்?"னு கேக்குற பிள்ளைக்கு என்ன சொல்றதுன்னு நிறைய அனிமேட்டர்ஸ் (குரூப் நடத்துறவங்க) கேக்குறாங்க. தெரியலன்னு சொல்லுங்க. எல்லாம் நன்மைக்கேன்னு சொல்லாதீங்க, உங்கப்பா எல்லை தாண்டுனாரான்னு கேக்கவே கேக்காதீங்க. எனக்கு தெரியல, ஆனா நீ இதைக் கேட்டது தப்பு இல்ல, திருப்பாடல்கள்ல நிறைய இப்படித்தான் கேக்குதுன்னு சொல்லி 13-ஆம் திருப்பாடலை அவன்கூட சேர்ந்து வாசிங்க. எத்தனை நாள் என்னை மறந்திருப்பீருன்னுதான் அது ஆரம்பிக்குது.

கடல்ல ஆள் தவறுன வீடுன்னா இன்னும் பொறுமை வேணும், உடம்பு கிடைக்கல்லன்னா அந்தப் பிள்ளை மாசக்கணக்கா கரையைப் பாத்துட்டே இருக்கும். வருஷ நினைவு நாளை நோட்டுல குறிச்சு வச்சு அன்னைக்கு போங்க. தூங்காம, சாப்பிடாம, சாகணும்னு பேசுற பிள்ளையை ஜெபத்தோட விட்டுறாதீங்க, 14416-ல டெலி மனஸ் (அரசாங்கத்தோட மனநல உதவி எண்) இருக்கு, தமிழ்லயே பேசலாம், வீட்டுலயும் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

பெண் பிள்ளைங்க திடீர்னு நின்னுட்டா

வயசுக்கு வந்து சடங்கு முடிஞ்ச கையோட குரூப்புக்கு வர்றது நின்னுரும். இதை வழக்கம்தானேன்னு விட்டுறாதீங்க. டீம்ல உள்ள அக்காமாரு ரெண்டு பேர் போய் அம்மாகிட்டயும் பாட்டிகிட்டயும் பேசணும், யார் இருப்பாங்க, எத்தனை மணிக்கு முடியும், யார் கூட்டிட்டு வந்து விடுவாங்கன்னு நிதானமா சொன்னா முக்கால்வாசி வீட்டுல அனுப்புவாங்க. மாதவிடாய் நாள்ல கோயிலுக்கு வரக்கூடாதுன்னு எந்த பிள்ளையும் நினைக்காம இருக்க அக்காக்களே வெளிப்படையா பேசிருங்க, கோயில் ஹாலோட கழிவறை சுத்தமா இருக்கா, தண்ணி வருதா, நாப்கின் இருக்கான்னு பாருங்க. பத்தாவது முடிஞ்சதும் மாப்பிள்ளை பாக்குறாங்கன்னு காதுல விழுந்தா பங்குத்தந்தையோட சேர்ந்து உடனே போய் பேசுங்க, 18 வயசுக்கு முன்னாடி கல்யாணம் சட்டப்படி தப்பு, அதுக்கும் 1098 தான்.

போன், கூல் லிப், காதல்

மூணுக்கும் சேர்த்து ஒண்ணே சொல்றேன், திட்டி ஒண்ணும் நடக்காது. ஃப்ரீ ஃபயர் விளையாடுறவனை எதிரியா பாக்காம என்ன விளையாட்டு, யார்கூட விளையாடுறன்னு கேட்டு உக்காருங்க, முகம் தெரியாத ஆள் போட்டோ கேட்டா, காசு கேட்டா என்ன செய்யணும்னு ஒரு கூட்டம் முழுக்க பேசுங்க. 15 வயசுல இறந்துபோன கார்லோ அகுதிஸ் கம்ப்யூட்டரும் வீடியோ கேமும் பிடிச்ச பையன், 2025 செப்டம்பர்ல புனிதர் ஆனார், அவர் கதையை இந்த இடத்துல சொல்லலாம். கூல் லிப்புங்கிற புகையிலைப் பொட்டலம் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்துருச்சு. உதட்டுக்குள்ள வைக்கிற பழக்கம் ஆரம்பிச்ச பையனை குரூப்பை விட்டு விரட்டுனீங்கன்னா அவனுக்கு இருந்த ஒரு நல்ல இடமும் போச்சு. உள்ள வச்சுக்கிட்டே பேசுங்க, வீட்டுல சொல்றதா இருந்தா அவன்கிட்ட சொல்லிட்டு, அவனையும் கூட வச்சுக்கிட்டு சொல்லுங்க. விக்கிற கடையை போலீஸுக்கு சொல்றது பெரியவங்க வேலை, பிள்ளைங்களை அதுல இழுக்காதீங்க.

காதல் விஷயத்துல பிள்ளை பேரை யார்கிட்டயும் சொல்லாதீங்க. வேற சாதிப் பையன், வேற மதத்துப் பொண்ணுன்னா நம்ம ஊர்ல அது எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும்.

வருஷத்தை கடல் காலண்டர்படி போடுங்க

ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததும் ஆரம்பிங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, புயல் எச்சரிக்கை, அதனால வெளிய போற திட்டம் வேண்டாம். டிசம்பர்ல 1964 புயலை எடுத்துக்கோங்க, 22-ம் தேதி ராத்திரி தனுஷ்கோடி அழிஞ்ச கதையை பிள்ளைங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதிட்டு வரட்டும், இன்னும் அந்த ராத்திரியை ஞாபகம் வச்சிருக்கிற ஆளுங்க ராமேஸ்வரம் தீவுல இருக்காங்க. அப்புறம் மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு நாள் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அங்க போய் இடிஞ்ச கோயில் சுவர்கிட்ட நின்னு இறந்தவங்களுக்கு ஜெபமாலை சொல்லலாம்.

பிப்ரவரி 4 ஓரியூர். புனித அருளானந்தர் 1647-ல லிஸ்பன்ல அரண்மனை வட்டாரத்துல பிறந்தவர், 1693-ல இதே நம்ம மாவட்டத்துல தலை வெட்டப்பட்டு இறந்தார், 1947-ல புனிதர் பட்டம். மறவர் குலச் சிற்றரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்குறதுக்கு ஒரு மனைவியோட மட்டும் வாழ முடிவெடுத்து மத்தவங்களை விலக்கினதும், அதுல ராமநாதபுரம் மன்னர் சேதுபதி குடும்பத்துப் பெண் ஒருத்தர் இருந்ததும்தான் பிரச்சனைக்கு காரணம். பிள்ளைங்ககிட்ட அற்புதம், அவர் ரத்தத்துல சிவந்ததா சொல்ற செம்மண்ணோட நிறுத்திடாம இந்த வரலாறையும் சொல்லுங்க, அந்த விலக்கப்பட்ட பெண்ணோட பக்கம் என்ன நியாயம்னு பெரிய பிள்ளைங்க கேப்பாங்க, கேக்கட்டும். நடந்து போறதா இருந்தா பெத்தவங்க கையெழுத்து, தண்ணி, முதலுதவி, கூட வர ஒரு வண்டி, ரோட்டுல வலது ஓரமா வரிசை. ராத்திரி நடை இந்த வயசுக்கு வேண்டாம். மாசி பங்குனியில கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வர்ற வாரம் ஊரே அங்க நினைப்பா இருக்கும், அன்னைக்கு கூட்டத்தை லேசா வச்சுக்கோங்க.

மார்ச், ஏப்ரல் பரீட்சை நேரம், கூட்டத்தை ஒரு மணி நேரமா குறைச்சு கோயில் ஹாலை படிக்கிற இடமா திறந்து வைங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு அப்பாக்கள் கரையில இருப்பாங்க, கையில காசு இருக்காது, வீட்டுல சண்டையும் குடியும் கூடுற நேரம் இது, பிள்ளைங்களுக்கு லீவும் கூட. அதனால வருஷத்தோட பெரிய நிகழ்ச்சியை மே மாசம் வைங்க. மூணு நாள் பகல் முகாம், காலையில 9-ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும், ராத்திரி தங்க வேண்டாம், மதியச் சோறு அங்கயே. அப்பாக்களை சும்மா உக்கார விடாம ஒருத்தர் வலை பின்னக் கத்துக் கொடுக்கட்டும், ஒருத்தர் நட்சத்திரம் பாத்து திசை சொல்றதை, ஒருத்தர் பாய்மரம் கட்டுற காலத்துக் கதையை. தன் அப்பா பத்துப் பேருக்கு வாத்தியாரா நிக்கிறதைப் பாக்குற பிள்ளையோட முகத்தைப் பாருங்க, அந்த அப்பாவோட முகத்தையும் பாருங்க. முகாமோட கடைசி நாள் லூக்கா 2-ஐ அப்பா அம்மாவையும் பிள்ளைங்களையும் ஒண்ணா உக்கார வச்சு வாசிச்சு, நீங்க 12 வயசுல எப்படி இருந்தீங்கன்னு பெத்தவங்க சொல்லட்டும்.

காசு

பிள்ளைங்ககிட்ட சந்தா வாங்காதீங்க. அன்பியத்துக்கு ஒரு வாரம்னு திங்கிறதுக்குப் பொறுப்பு பிரிச்சுக் கொடுத்தா செலவு முடிஞ்சது. பந்து, நெட், நோட்டு, முகாம் செலவுக்கு பங்குப்பேரவையில எழுதிக் கேளுங்க, வரவு செலவை நோட்டீஸ் போர்டுல ஒட்டிருங்க.

பத்தாவது முடிச்சவங்களை என்ன செய்றது

உறுதிபூசுதல் வாங்குனதும் குரூப் முடிஞ்சு போச்சுன்னு பிள்ளைங்க நினைக்கிறாங்க, அதனால அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா (திண்ணையில வச்சு) அடுத்து என்னன்னு பேசுங்க. பதினொண்ணாவதுல எந்த குரூப் எடுக்கணும், ஐடிஐயா பாலிடெக்னிக்கா, எந்த உதவித்தொகைக்கு எழுதலாம்னு தெரிஞ்ச ஒரு வாத்தியாரைக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க. கடலுக்குத்தான் போவேன்னு சொல்ற பையனை குறைச்சுப் பேசாதீங்க, 12-ம் வகுப்பாவது முடிச்சுட்டுப் போன்னு சொல்லுங்க, மீன்வளக் கல்லூரின்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லுங்க. சின்ன பிள்ளைங்களோட விளையாட்டை நடத்த, பாட்டு சொல்லிக் கொடுக்க யாருக்கு விருப்பம்னு கேட்டு ஒரு வருஷம் உதவிக்கு வச்சுக்கோங்க, ஆனா பொறுப்பான பெரியவர் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், அவங்களும் 18 ஆகாத பிள்ளைங்கதான். இந்தப் பேச்சை ஏப்ரல்ல ஆரம்பிங்க, ஜூன்ல புது ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க பேரை எழுத வீட்டுக்கு போகும்போது அதுல ஒருத்தரையும் கூட கூட்டிட்டுப் போங்க.